மானுக்கும் பன்றிக்கும் ஒரே தோட்டா

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் மான் வேட்டைப் பருவம் நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமையன்று ஆரம்பமாகிறது. அதற்கு முந்திய சில வாரங்களில் அங்குள்ள துப்பாக்கிக் கடைகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படும்: மானுக்கும் உதவ வேண்டும், காட்டுப்பன்றிக்கும் உதவ வேண்டும், ஆனால் சுடுகிறவரின் தோளைப் பதம் பார்க்கக் கூடாது, அப்படிப்பட்ட தோட்டா எது? கேட்கிறவர் பிள்ளைக்கு முதல் துப்பாக்கி வாங்க வந்த தகப்பனாராக இருக்கலாம். வருஷக்கணக்காகப் பெரிய துப்பாக்கியைச் சுட்டுச் சுட்டுத் தோள்மூட்டு தேய்ந்துபோன பெரியவராகவும் இருக்கலாம். நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்பது பழைய புத்தகங்களோடு முடிந்துபோன விஷயமாகையால், இந்தக் கேள்வியை அதன் சொந்த ஊரிலேயே வைத்துப் பார்ப்பதுதான் முறை.

முதலில் பிராணிகளைப் பற்றிச் சொல்லிவிடலாம். வெள்ளைவால் மான் என்று அங்கே அழைக்கப்படும் மான், டெக்ஸாஸில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் இருப்பதாக வனவிலங்கு இலாகா மதிப்பிடுகிறது. மெல்லிய தோலும் மெலிந்த எலும்பும் உடைய ஜீவன் அது. நம் காடுகளின் புள்ளிமானும் 1932-இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்டு, இன்று அங்குள்ள குன்றுப் பிரதேசத்துப் பிரஜையாகவே பெருகிவிட்டது என்பது ஒரு வேடிக்கை. பன்றியின் சமாசாரமோ வேறு. ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டெ ஸோட்டோ 1539-இல் பிளாரிடாக் கரையில் இறங்கியபோது உடன் கொண்டுவந்த பன்றிகளும், பின்னால் குடியேறியவர்கள் பட்டியில் அடைக்காமல் மேயவிட்டவையும், இருபதாம் நூற்றாண்டில் வேட்டைக்கென்றே ஐரோப்பாவிலிருந்து தருவிக்கப்பட்ட அசல் காட்டுப்பன்றிகளும் ஒன்றோடொன்று கலந்து பெருகிய சந்ததி அது. நிலக்கடலையையும் சோளத்தையும் ஒரே இரவில் உழுது போட்டுவிடும் இந்தப் பிராணிக்கு மானுக்குரிய மரியாதை எதுவும் கிடையாது. பருவம் இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, 2019 செப்டம்பர் முதல் நிலச் சொந்தக்காரரின் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் அதைச் சுட வேட்டை லைசென்ஸ்கூட வேண்டியதில்லை. பெரும்பாலான பன்றிகள் 200 பவுண்டுக்கு உட்பட்டவையே. ஆனாலும் தனியே திரியும் கிழட்டு ஆண்பன்றி 300 பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. பரணில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பவர் முன்னால் அந்தக் கிழட்டுப் பன்றி எந்த நிமிஷத்திலும் வந்து நிற்கலாம் என்பதால்தான், இரண்டுக்கும் பொதுவான தோட்டா வேண்டும் என்ற பேச்சே எழுகிறது.

இனித் தோட்டாவின் விஷயம். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு தோட்டா. மருந்து எரிந்து குண்டை எத்தனை உந்துதலோடு முன்னே தள்ளுகிறதோ, அந்த உந்துதலும், கூடவே வெளியேறும் புகையின் உந்துதலும் சேர்ந்து துப்பாக்கியைப் பின்னே தள்ளும். நியூட்டனின் விதிக்கு விலக்குப் பெற்ற துப்பாக்கி இன்றுவரை ஒன்றும் பிறக்கவில்லை. இந்த உதையை அமெரிக்கர்கள் அடி-பவுண்டுக் கணக்கில் சொல்கிறார்கள். 8 பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் .243 வின்செஸ்டர் தோட்டா ஏறக்குறைய 9 அல்லது 10 அடி-பவுண்டு உதைக்கும், 6.5 கிரீட்மூர் 13 அளவிலும், 7 மி.மீ.-08 ரெமிங்டன் 14 அளவிலும், .308 வின்செஸ்டர் 16 அளவிலும், 1906-இல் ராணுவத்துக்காகத் தோன்றிய .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 20-க்கு மேலும், .300 மாக்னம் 30-ஐ ஒட்டியும் உதைக்கும். சாதாரண மனிதர் சிரமமின்றித் தாங்கக்கூடியது 15 வரைதான் என்பது பலரும் ஒப்புக்கொண்ட கணக்கு.

"தாங்கிக்கொண்டால் போகிறது, ஆண்பிள்ளைக்கு ஒரு உதை பெரிதா?" என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். தோளின் வலி இங்கே பிரச்சினையே அல்ல. உதை வரப்போகிறது என்பதை உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால், விரல் விசையை அழுத்துகிற அதே கணத்தில், சுடுபவரின் சம்மதத்தைக் கேளாமலே கண் மூடிக்கொள்கிறது, தோள் சுருங்குகிறது, குழலின் முனை தாழ்ந்துவிடுகிறது. குண்டு எங்கே போகவேண்டுமோ அங்கே போவதில்லை. இதைப் பிரத்தியட்சமாகக் காட்ட ஒரு எளிய உபாயம் உண்டு. நல்ல தோட்டாக்களுக்கு நடுவே, சுடுபவருக்குத் தெரியாமல், மருந்தில்லாத ஒரு பொய்த் தோட்டாவைக் கலந்து நண்பர் ஒருவர் நிரப்பித் தரவேண்டும். பொய்த் தோட்டாவின் முறை வரும்போது 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்கும், வெடியுமில்லை, உதையுமில்லை. ஆனால் குழல்முனை மட்டும் இரண்டு விரற்கடை கீழே பாய்ந்து நிற்கும்! தமக்குப் பயமே கிடையாது என்று அதுவரை சாதித்தவரும் அந்த முனையைப் பார்த்த பிறகு வாய் திறப்பதில்லை. ஆகையால் உதை குறைந்த தோட்டாவைக் கேட்பது பலவீனம் அல்ல. குறி தவறாமை வேண்டும் என்பதன் மறுபெயரே அது.

குறி என்று சொல்லும்போது பன்றியின் உடலமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மான் வேட்டையில் தேறியவர்களே இதில் அதிகமாக ஏமாறுகிறார்கள். பக்கவாட்டில் நிற்கும் மானை முன்சப்பைக்குச் சற்றுப் பின்னால் சுட்டால் குண்டு நுரையீரலைத் துளைக்கும். மான் சிறிது தூரம் ஓடி விழுந்துவிடும். அதே இடத்தில் பன்றியைச் சுட்டால், குண்டு நுரையீரலின் கடைக்கோடியிலோ, அதற்கும் பின்னே குடலிலோ பாய்கிறது. அடிபட்ட பன்றி முட்புதருக்குள் புகுந்து, இரவெல்லாம் வேதனைப்பட்டு மடிகிறது. காரணம், பன்றியின் இருதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிட முன்னே தள்ளியும் கீழே இறங்கியும், முன்னங்கால்களுக்கு நடுவிலேயே அமைந்திருக்கின்றன. ஆகவே முன்னங்காலின் நேர்கோட்டிலேயே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறிவைக்க வேண்டும். அங்கேயோ வேறொரு தடை காத்திருக்கிறது. வயதான ஆண்பன்றிகள் தங்களுக்குள் கொம்புப்பற்களால் குத்திச் சண்டையிடுவதால், அவற்றின் முன்சப்பைமேல் தோலுக்கடியில் குருத்தெலும்பைப் போல் இறுகிய ஒரு தடித்த பட்டை வளர்ந்திருக்கும். கேடயம் என்றே வேட்டைக்காரர்கள் அதைச் சொல்கிறார்கள். அதில் பட்டுத் துப்பாக்கிக் குண்டே தெறித்து விழும் என்பது மிகைப்பட்ட கதை. ஆயினும் மெல்லிய உறையுள்ள இலேசான குண்டு அந்தப் பட்டையையும் சப்பை எலும்பையும் கடப்பதற்குள் சிதறிவிடலாம் என்பது உண்மை.

இந்த இரு உண்மைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அலமாரியை நோட்டமிடலாம். 1895 முதல் அமெரிக்கக் காடுகளில் ஒலித்துவரும் .30-30 வின்செஸ்டர், பழைய லீவர் துப்பாக்கிகளின் தோழன். 100, 150 கஜத்துக்குள் மானுக்கும் பன்றிக்கும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், கூர்மையான குண்டு முன்னுள்ள தோட்டாவின் கேப்பை இடித்துவிடக் கூடும் என்று மூக்கைத் தட்டையாக்கினார்கள். தட்டை மூக்கு காற்றை எதிர்த்து விரைவில் வேகமிழக்கிறது. .223 ரெமிங்டன் உதைப்பதே தெரியாது. டெக்ஸாஸ் சட்டம் அதை மானுக்கு அனுமதிக்கிறது, விர்ஜீனியாவிலோ .23 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிளால் மானைச் சுடக் கூடாது. என் கட்சி விர்ஜீனியாவின் கட்சி. அந்தச் சின்னக் குண்டு கைதேர்ந்தவர்களுக்குரியது; அதைப் பெரும்பாலும் ஆரம்பக்காரர் கையில் கொடுப்பதுதான் வினோதம்.

.308 வின்செஸ்டர் 1952-இல் விற்பனைக்கு வந்தது. அதன் பித்தளைக் கூட்டின் கழுத்தை மட்டும் ஒடுக்கி, சிறிய குண்டைப் பொருத்தி, ஒரு குடும்பமே உண்டாயிற்று. 1955-இல் பிறந்த .243 அந்தக் குடும்பத்தின் பிரசித்தமான இளையவன். 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம் குண்டை விநாடிக்கு 2,960 அடி வேகத்தில் செலுத்துவது. அதே 1955-இல் ரெமிங்டன் கம்பெனியாரும் .244 என்ற பெயரில் அதே விட்டமுள்ள ஒரு தோட்டாவை வெளியிட்டார்கள். மருந்து கொள்ளும் சக்தியில் அது .243-ஐவிடக் கொஞ்சம் உயர்ந்ததேயொழியத் தாழ்ந்ததல்ல. அப்படியும் அது தோற்றுப்போயிற்று. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகு திருகாக வெட்டிய வரிகள்தாம் குண்டைச் சுழலவைக்கின்றன. போதிய சுழற்சி இல்லாத குண்டு வேகமடங்கிய பம்பரத்தைப் போல் தள்ளாடும். ரெமிங்டன்காரர்கள் தங்கள் தோட்டாவை நரி முதலிய சிறு பிராணிகளுக்கென்றே எண்ணி, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மந்தமாகத் திருகு வைத்தார்கள். மானுக்கேற்ற நீண்ட கூர்முனைக் குண்டு அதில் சரியாக நிலைகொள்ளவில்லை. வின்செஸ்டர்காரர்களோ 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்து, ஒரே துப்பாக்கியால் நரியையும் மானையும் சுடலாம் என்றார்கள். ரெமிங்டன் 1963-இல் திருகை விரைவாக்கிப் பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றிக்கொண்டது. அதற்குள் சந்தை கைமாறிவிட்டது. பலவிதத்திலும் உதவுவது என்ற குணம் தோட்டாவில் மட்டும் இல்லை, குழலிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடையாது.

மானுக்கு .243 போதும், சிறுவர்களுக்கு அதுவே உத்தமம் என்பதில் எனக்கு அட்டியில்லை. கிழட்டுப் பன்றி நேருக்கு நேராகவோ கோணலாகவோ நிற்கும்போதுதான் 100 கிரெயின் சற்றுக் குறைவாகத் தோன்றுகிறது. 2007-இல் வெளிவந்த 6.5 கிரீட்மூர் அந்தக் குறையைத் தீர்க்கிறது; 140 கிரெயின் குண்டை 2,700 அடி வேகத்தில் செலுத்தியும் உதை மிதமாகவே நிற்கிறது. நியூயார்க்கை அடுத்த ஒரு பழைய குறிபயிற்சி மைதானத்தின் பெயரைத் தாங்கிய இது, தூரத்துப் பலகையைச் சுடும் போட்டிகளுக்கென்று பிறந்து, பின்னரே காட்டுக்குள் புகுந்தது. இதன் புகழில் பாதி விளம்பரத்தின் புண்ணியம். இதே 6.5 மி.மீ. விட்டமுள்ள தோட்டா ஒன்றை வைத்துக்கொண்டு ஸ்வீடன் தேசத்தார், குதிரை கனமுள்ள மூஸ் மான்களை 1890-கள் தொட்டே வீழ்த்திவருகிறார்கள்.

என் மனம் சாய்வது 7 மி.மீ.-08 பக்கம். 1980-இல் ரெமிங்டன் கம்பெனி, அதே .308 கூட்டின் கழுத்தை 7 மி.மீ. அளவுக்கு ஒடுக்கி இதை வெளியிட்டது. 140 கிரெயின் குண்டு, 2,860 அடி வேகம். பிரயோகத்தில் இது 1890-களின் 7x57 மவுசர் தோட்டாவின் மறுபிறவி என்றே சொல்லலாம். அந்த மவுசரையே ஆங்கிலேயர்கள் .275 ரிக்பி என்று பெயரிட்டு அழைத்தார்கள். ஜிம் கார்பெட் சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்குப் பரிசாகப் பெற்று, பின்னர் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தப் பயன்படுத்திய துப்பாக்கி அந்தத் தோட்டாவுக்குரியதே. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற கரமோஜா பெல் என்பவர், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இதையே உபயோகித்தார் என்பதும் பிரசித்தம்; ஆனால் யானையின் மூளை எங்கே இருக்கிறது என்பதை மண்டையோட்டை அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட மனிதர் அவர் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், அந்தக் கதை ஆபத்தான கதையாகிவிடும். 200 கஜத்துக்குக் குறியைச் சரிசெய்த 7 மி.மீ.-08, 300 கஜத்தில் ஏழெட்டு அங்குலமே தாழ்கிறது. மானையும் பன்றியையும் அதற்கப்பாலிருந்து சுட வேண்டிய அவசியம் அநேகருக்கு ஏற்படுவதில்லை. இதற்கு ஒரு குறை உண்டு: சிறிய ஊர்க் கடைகளில் .243-உம் .308-உம் கிரீட்மூரும் அடுக்கியிருக்குமிடத்தில் இது சில சமயம் இராது.

தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் அமைப்புக்கு நான் அதிக மதிப்புத் தருவேன். சாதாரணக் குண்டில் செப்பு உறைக்குள் ஈயம் ஊற்றியிருக்கும். மானுக்கு அது போதும். ஜான் நாஸ்லர் என்பவர், மூஸ் மான் ஒன்றின் தோளில் தம் குண்டு சரியாக ஊடுருவாததைக் கண்டு, நடுவில் செப்புச் சுவர் வைத்து முன்பாதி மலர்ந்தாலும் பின்பாதி கலையாதபடி ஒரு குண்டை அமைத்து, 1948-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஈயமே இல்லாமல் முழுவதும் செம்பாலான குண்டுகள் 1980-களின் பிற்பகுதியில் வந்தன. கலிபோர்னியா மாநிலத்தில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. இவற்றில் ஒன்றைப் போட்டால் .243-கூடப் பன்றியின் கேடயத்தைக் கடந்துபோகும்.

துப்பாக்கியின் எடையையும் மறக்கக் கூடாது. தூக்க இலேசாயிருக்கிறதே என்று 6 பவுண்டுத் துப்பாக்கியை வாங்கினால், 8 பவுண்டில் 14 அடி-பவுண்டாக இருந்த உதை 19-ஐ நெருங்கிவிடும். மெல்லிய தோட்டாவைத் தேடிப் பிடித்த பிரயாசை அத்தனையும் வீண். குழல்முனையில் துளைகளிட்ட உதைத்தடுப்பு ஒன்றை மாட்டலாம்தான்; தோளுக்குக் கிடைத்த சௌகரியத்துக்குக் காது விலை கொடுக்கும். அடிக்கட்டையில் நல்ல ரப்பர் மெத்தை போதும். .30-06-ஐ ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதுத் துப்பாக்கி வாங்கவே வேண்டாம். மருந்து குறைத்து நிரப்பிய மென்தோட்டாக்கள் அதற்கும் கிடைக்கின்றன.

ஆக, மான் மட்டும் என்றால் .243; மானும் பன்றியும் என்றால் 7 மி.மீ.-08, சிதறாத 140 கிரெயின் குண்டு, ஏழரைப் பவுண்டுக்குக் குறையாத துப்பாக்கி. கடையில் அது கிடைக்காத ஊரில் கிரீட்மூரை வாங்குவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. எதை வாங்கினாலும், பருவம் பிறப்பதற்கு முன் அதே தோட்டாவில் இரண்டு மூன்று பெட்டியைப் பயிற்சிக்கென்று செலவழித்துவிட்டுப் பரண் ஏறுங்கள்.