சுகருக்கு கோதுமை நல்லதா? உங்க காலை தட்டில் இருப்பது எந்த கோதுமை? உலக நாடுகளின் டிபன் சொல்வது என்ன?

"சுகர் வந்துடுச்சு, இனிமே அரிசி வேண்டாம், கோதுமைதான்." பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. மறுநாள் காலை இட்லிக்கு பதில் தட்டில் ரவா உப்புமா வந்துவிடும்.

ரவையும் கோதுமையில் இருந்து வருவதுதான். ஆனா, பரோட்டாவுக்கான மைதாவும் அதே கோதுமைதான். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

ஒரு மணி, மூன்று பகுதி

கோதுமை மணியின் வெளியே இருப்பது தவிடு. உள்ளே மாவுப்பகுதி. ஒரு முனையில் சின்னதாக முளைக்கரு. எடையில் 80 சதவீதத்துக்கு மேல் மாவுப்பகுதிதான். நார்ச்சத்தில் பெரும்பங்கு இருப்பது தவிட்டில்.

வெள்ளை ரவை, மைதா இரண்டுமே தவிடும் முளைக்கருவும் நீக்கப்பட்டவை. ரவை கொரகொரப்பாக இருக்கும், மைதா நைஸாக இருக்கும், அவ்வளவுதான். சம்பா ரவை எனப்படும் உடைத்த கோதுமையில் மூன்று பகுதியும் இருக்கும்.

முழு மணியாகச் சாப்பிடும் நாடுகள்

எத்தியோப்பியாவில் காலை உணவு 'கின்சே'. உடைத்த கோதுமையை வேகவைத்து, மசாலா சேர்த்து உருக்கிய வெண்ணெயில் கிளறுவார்கள். நம்ம கோதுமை ரவை உப்புமாவுக்கு தூரத்து சொந்தம் மாதிரி.

ஈரானில் காலை ஹலீம் பிரபலம். கோதுமையையும் இறைச்சியையும் பல மணி நேரம் வேகவைத்து, கூழாகக் கடைந்து, மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவுவார்கள்.

அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் கெலாக் சகோதரர்கள் 1894-ல் முதலில் செய்த ஃபிளேக்ஸ்கூட மக்காச்சோளம் இல்லை, கோதுமைதான். வேகவைத்த கோதுமையை உருளையில் கொடுத்து நசுக்கியபோது ஒவ்வொரு மணியும் தனித்தனி தகடாக வந்தது.

ரொட்டி விலையும் அரசியலும்

எகிப்தில் காலையில் மொச்சை மசியலுடன் சாப்பிடுவது 'ஐஷ் பலாதி' ரொட்டி. 'ஐஷ்' என்றால் அங்கே ரொட்டி. அரபியில் அந்தச் சொல்லுக்கு வாழ்க்கை என்றும் பொருள். தவிட்டின் ஒரு பகுதி கலந்த பழுப்பு மாவில் செய்வது.

இது அரசு மானிய ரொட்டி. 1977-ல் மானியங்களைக் குறைக்க முயன்றதும் கலவரம் வெடித்து, அரசு பின்வாங்கியது. 30 ஆண்டுகளுக்கும் மேலாக 5 பியாஸ்டருக்கு விற்ற ரொட்டி, 2024 ஜூன் முதல்தான் 20 பியாஸ்டர் ஆனது.

மைதா ராஜ்ஜியம்

சீனாவில் 'யூதியாவ்': மைதா மாவை நீளமாக எண்ணெயில் பொரித்து, சூடான சோயா பாலில் தொட்டுச் சாப்பிடுவார்கள். மலேசியாவில் காலையிலேயே 'ரொட்டி சானாய்' கிடைக்கும். தமிழ் முஸ்லிம்களின் கடைகள் பிரபலமாக்கிய இது, நம்ம பரோட்டாவின் உறவுதான். இங்கே ராத்திரி சாப்பாடு, அங்கே காலை டிபன்.

அப்போ சுகருக்கு எது?

தவிடு நீக்கிய மாவு சீக்கிரம் செரித்து, ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நார்ச்சத்து அந்த வேகத்தைக் குறைக்க உதவும். அதனால் வெள்ளை ரவையை விட உடைத்த கோதுமை நல்ல தேர்வு. ஆனா அதுவும் மாவுச்சத்துதான். இரண்டு இட்லிக்கு பதில் ஐந்து சப்பாத்தி சாப்பிட்டால் பலன் இல்லை. அளவைக் குறைத்து, பருப்பு, காய்கறி, முட்டை என ஏதாவது சேர்ப்பது நல்லது. மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் உணவை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடையில் என்ன பார்க்கணும்?

பிரெட் பழுப்பாக இருப்பதாலேயே அது முழு கோதுமை ஆகிவிடாது. பாக்கெட்டில் உள்ள பொருட்களின் பட்டியலைப் பாருங்க. அதிகம் சேர்த்த பொருள்தான் முதலில் இருக்கும். முதல் வரியே மைதா என்றால், அது மைதா பிரெட்தான்.

யாருக்கு கோதுமையே ஆகாது?

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு கோதுமையில் உள்ள குளூட்டன் சிறுகுடலைப் பாதிக்கும். அவர்களுக்கு ரவை, மைதா, கோதுமை சேமியா எதுவும் கூடாது. தொடர் வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தால் டாக்டரைப் பாருங்க. சந்தேகத்தில் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.