தண்ணீர் இருந்த இடத்தில் மனிதன்: அத்திரம்பாக்கம் முதல் பழவேற்காடு வரை

பொன்னேரி உள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கு கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என 2011-ல் வெளியான ஆய்வு கூறியது. குடிக்க ஆற்று நீரும் கருவி செய்யக் குவார்ட்சைட் கற்களும் பக்கத்திலேயே கிடைத்ததால், ஆதிமனிதர்களுக்கு அந்த இடம் தோதாக இருந்தது.

அன்று பழவேற்காடு ஏரி கிடையாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்புகூட, பனியுகக் குளிரில் கடல் மட்டம் இன்றைவிட 100 மீட்டருக்கும் கீழே இருந்தது. பிறகு பனி உருகிக் கடல் உயர்ந்தது. மணல்திட்டு நடுவே நின்று மறித்ததால், அதற்குப் பின்னால் உவர்நீர் ஏரி உருவானது. அதன் பிறகே இறாலும் நண்டும் இங்குள்ளோரின் பிழைப்பாயின.

இன்றும் நிலைமை அதுதான். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருவது நின்றுபோகும். கிடைப்பதைப் பகிர்ந்துகொள்ள மீனவர்கள் ‘பாடு’ என்ற ஏற்பாட்டில் முறைவைத்து வலை போடுகிறார்கள். ஆறு வற்றினால் ஆதிமனிதர்கள் வேறு இடம் தேடிப் போயிருக்கலாம். வீடும் வலையும் இங்கேயே உள்ள மீனவர்கள் எங்கே போவார்கள்? முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது அவர்களின் வாழ்வாதாரத்தைக் காப்பதாகும்.