செய்தியே அரண்

வான்போரின் வெற்றி விமானிகளின் வீரத்தால் மட்டும் அமைவதன்று. எதிரி எத்திசையில், எவ்வுயரத்தில் வருகிறான் என்னும் செய்தி உரிய நேரத்தில் அவர்களை அடைதல் வேண்டும். இவ்வுண்மையை 1940ஆம் ஆண்டு நிகழ்ந்த பிரித்தானிய வான்போர் உணர்த்தியது.

போர்விமானப் படைத்தளபதி ஹியூ டௌடிங் இதற்கெனத் தகவல்தொடர்பு வலையமைப்பு ஒன்றை உருவாக்கியிருந்தார். கடல்மீது வந்த ஜெர்மானிய விமானங்களை ராடார் நிலையங்கள் கண்டறிந்தன. கரையைக் கடந்தவற்றை நோக்கர் படையினர் கண்காணித்தனர். ராடார் செய்திகள் பென்ட்லி பிரையரி தலைமையகத்தில் சரிபார்க்கப்பட்டுத் தொலைபேசி வழியே வட்டார நிலையங்களுக்குச் சென்றன. அங்கிருந்து வானொலி வழியே விமானிகளுக்குக் கட்டளைகள் பிறந்தன. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ராடார் கண்டது பயனற்றுப் போகும்.

எதிரியின் குண்டுகள் வட்டார நிலையங்களையும் தாக்கின. பிகின் ஹில் நிலையம் தாக்கப்பட்டபோது, தொலைபேசிப் பணியிலிருந்த ஹெலன் டர்னர், எல்ஸ்பெத் ஹென்டர்சன் ஆகிய மகளிர் இருவரும் தம் இடத்தைவிட்டு அகலாது செய்திகளை அனுப்பினர். அதே ஆண்டில் இருவருக்கும் இராணுவப் பதக்கம் வழங்கப்பட்டது. படைக்கலம் ஏந்தாத அவர்தம் கடமையுணர்வும் அந்நாட்டின் அரணாயிற்று.