மதுசாரத்தை மாற்றும் வெண்பொடி

சூடேற்றிய அலுமினியம் ஒட்சைட்டுப் பொடியின்மீது எதனோல் எனப்படும் மதுசாரத்தின் ஆவியைச் செலுத்தினால், அது நீரை இழந்து எதிலீன் வாயுவாகின்றது. அதே ஆவியை நாக ஒட்சைட்டின்மீது செலுத்தினாலோ, பெரும்பாலும் ஐதரசனை இழந்து அசற்றல்டிகைட்டு என்னும் வேறொரு பொருளாகின்றது. ஆவி ஒன்றே, அது தீண்டும் தளமே அதன் கதியை நிருணயிக்கின்றது.

தான் செலவழியாது தாக்கத்தை விரைவாக்கும் இத்தகைய பொருளை ஊக்கி என்பர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் போல் சபாத்தியே என்னும் பேரறிஞர் பல ஒட்சைட்டுக்களை இவ்வாறு ஆராய்ந்தார். ஊக்கியின் மேற்பரப்பிலே நிலையற்ற இடைச்சேர்வையொன்று தோன்றி மறைகின்றது என்பது அவர் கொள்கை. அதனை நேரிற் காட்டவல்ல கருவி அன்று இருக்கவில்லை.

பின்னர் வழிகாட்டியவை, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களே. மூலக்கூறிலுள்ள அணுக்கள் சுருள்வில்லிற் கட்டிய குண்டுகள்போல ஓயாது அதிர்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்கு இசைந்த கதிரையே உறிஞ்சும். ஆகவே, பொடியை மெல்லிய வில்லையாக அழுத்தி, அதனூடே கதிர்களைச் செலுத்தி, எவை குறைந்தன என்று நோக்கினால், மேற்பரப்பிலுள்ள பிணைப்புக்களை அறியலாம். ஒரு கிராம் பொடியினுள் நூறு சதுர மீற்றருக்கு மேற்பட்ட பரப்பு அடங்கியிருத்தலாலேயே இது கைகூடுகின்றது.

1962இல் அமெரிக்க அறிஞர் றொபேட் கிறீன்லர் இம்முறையைக் கையாண்டார். மதுசாரம் ஐதரசன் அணுவொன்றை இழந்து, எதொட்சைட்டாக அலுமினியம் ஒட்சைட்டிற் பற்றிக்கொள்வதை அவர் கண்டார். மேலும் சூடாக்கியபோது அசற்றேற்றை ஒத்த பிறிதொரு வகையும் தோன்றிற்று.

எனினும், வாசகர்களே, தேர்த் திருவிழாவிற் கூடிநிற்போர் யாவரும் வடம் பிடிப்போர் அல்லர். அதுபோலவே, மேற்பரப்பிற் காணப்படுவன யாவும் விளைபொருளைத் தருவன அல்ல. சில வெறும் பார்வையாளர்களே. எதிலீன் வெளிவரும் வேகத்துக்கு ஒப்ப எந்தக் குறி தேய்கின்றது என்று அளந்தே, ஆய்வாளர் உண்மையான தொழிலாளியை இனங்காண்கின்றனர்.

இஃது ஆய்வுகூட விநோதம் மாத்திரமன்று. பிரேசில் நாட்டின் திரியுன்போ நகரில் 2010ஆம் ஆண்டில் ஒரு பெருந்தொழிற்சாலை திறக்கப்பட்டது. கரும்பிலிருந்து பெற்ற மதுசாரத்தை எதிலீனாக்கி, அதிலிருந்து பொலித்தீன் செய்வதே அதன் நோக்கம். பெற்றோலியம் செய்துவந்த பணியைக் கரும்பு ஏற்கவேண்டுமாயின், மதுசாரமும் வெப்பமும் வீண்போகாதிருத்தல் வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு, அவ்வெண்பொடியின் மேற்பரப்பிலேயே பொதிந்து கிடக்கின்றது.