ஓட்டுக்கு அடியில் ஓர் அரண்

பழைய மாடி வீட்டின் முகப்பில் ஓடு வேய்ந்த தாழ்வாரம் ஒன்றைச் சேர்த்துக் கட்டுவோரைக் குயிலாப்பாளையத்தில் அடிக்கடி காண்கிறேன். ஓட்டின் நிறத்தையும் தூணின் வடிவத்தையும் நாள்கணக்கில் அலசுபவர்கள், ஓட்டுக்கு அடியில் எதை விரிப்பது என்பதை மட்டும் மேஸ்திரியின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். கடலோரத்தில் இது ஆபத்தான அலட்சியம்.

சாதாரண மழையைத் தடுக்க ஓடு போதும். புயல் மழை அப்படியல்ல. காற்று நீரைச் சரிவுக்கு எதிராக மேல்நோக்கித் தள்ளி ஓட்டின் இடுக்குகளில் புகுத்தும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கடந்தது. அப்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய இரவுகளில் ஓட்டைத் தாண்டி வரும் நீரை வெளியேற்றுவது அடி விரிப்புதான்.

பாலித்தீன் தாள் மலிவானது. ஆனால், அது நீரோடு நீராவியையும் தடுக்கும். தாழ்வாரத்தைப் பின்னாளில் அறையாக அடைத்தால், உள்ளே எழும் ஈரம் இரவில் தாளின் அடியில் துளிர்த்து மரச்சட்டத்தை ஊறவைக்கும். தார் அட்டை உறுதியானது; எனினும் கூரையின் சூட்டில் காலப்போக்கில் வறண்டு விரியும். நீரைத் தடுத்து நீராவியை வெளியேற விடும் விரிப்புகளும் உண்டு. விலை கூடுதலென்றாலும், மரச்சட்டக் கூரைக்கு அவையே ஏற்றவை. எந்த விரிப்பையும் வெயிலில் வாரக்கணக்கில் மூடாமல் விடக் கூடாது.

பொருளைவிட முக்கியம் அதை விரிக்கும் முறை. இறவாரத்திலிருந்து தொடங்கி, மேல் தாள் கீழ்த் தாளின்மீது 15 செ.மீ. அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். விரிப்பின்மேல் சரிவின் போக்கில் சட்டம் அடித்து, அதற்குக் குறுக்கே ஓட்டு ரீப்பர்களைப் பொருத்த வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு ரீப்பரும் நீரைத் தேக்கும் சிறு அணையாகிவிடும். புதிய கூரை பழைய சுவரைத் தொடும் இடமே மிகப் பலவீனமானது. பழைய கட்டடமும் புதியதும் ஒரே சீராக அமிழ்வதில்லை; வெறும் சிமென்ட் பூச்சு விரிசல் விடும். விரிப்பைச் சுவரில் மேலேற்றி, சுவரைக் கொத்திச் செருகிய தகட்டால் மூட வேண்டும்.

இதில் ஒரு பொருளியல் பாடமும் உண்டு. தரத்தை வாங்குபவரால் காண முடியாத சந்தையில் மட்டமான பொருள் நல்ல பொருளை விரட்டிவிடும் என்று 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். அடி விரிப்பும் அத்தகைய சரக்குதான். ஓடு ஏறிய பின் நல்லதும் மட்டமானதும் ஒன்றுபோலவே தெரியும். எனவே நேர்மையாக வேலை செய்யும் மேஸ்திரி கூடுதல் விலை கேட்டால், அவரே வாய்ப்பை இழக்கிறார்.

தீர்வு எளிது. விரிப்பின் பெயரையும் அளவையும் மதிப்பீட்டில் எழுதி வாங்குங்கள். ஓடு ஏறும்முன் குழாய் நீரைப் பாய்ச்சிப் பாருங்கள். படம் எடுத்து வையுங்கள். கூலியில் ஒரு பகுதியை வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு தருவதாக முன்கூட்டியே பேசி முடியுங்கள். சேமிப்பைக் கரைத்தும் கடன் வாங்கியும் கட்டும் குடும்பங்களுக்கு இதைவிட மலிவான காப்பீடு இல்லை.