போட்டோவுக்கு ஏற்ற மானிட்டர் எது?



ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா என்று நம்மில் பலர் போட்டோ எடுக்கிறோம். கம்ப்யூட்டரில் நிறம், வெளிச்சம் எல்லாம் சரிசெய்து பிரிண்ட் போடுகிறோம். மானிட்டரில் பளிச்சென்று இருந்த படம் பிரிண்டில் வேற மாதிரி வருதே, ஏன்? குறைந்த செலவில் நல்ல மானிட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மானிட்டர் தப்பான நிறத்தைக் காட்டினால், அதை நம்பித்தான் நாமும் திருத்துவோம். நீலம் கூடுதலாகத் தெரிந்தால் நீலத்தைக் குறைப்போம். பிரிண்டில் முகம் மஞ்சளடிக்கும்! அதனால் கடையில் இவற்றைக் கவனியுங்கள்:

1. பேனல்: டி.என்., வி.ஏ., ஐ.பி.எஸ். என்ற மூன்று வகைகள் பரவலாக உண்டு. டி.என். திரையில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். வி.ஏ. திரையில் கறுப்பு நன்றாக இருக்கும்; பக்கவாட்டில் பார்த்தால் கொஞ்சம் வெளிறும். ஐ.பி.எஸ். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். போட்டோவுக்கு இதையே வாங்கலாம். இப்போ குறைந்த விலை மானிட்டர்களிலும் இது கிடைக்கிறது.

2. நிறம்: எஸ்.ஆர்.ஜி.பி. என்பது 1996-ல் எச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய நிற அளவுகோல். பெரும்பாலான போட்டோ லேப்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன. "எஸ்.ஆர்.ஜி.பி. 99%" என்று போட்டிருந்தால் நல்லது. சிலவற்றில் "என்.டி.எஸ்.சி. 72%" என்று இருக்கும். குறைவுன்னு நினைக்காதீங்க, இரண்டும் ஏறக்குறைய சமம்தான். "என்.டி.எஸ்.சி. 45%" என்றால் வேண்டாம், நிறங்கள் மங்கலாகத் தெரியும்.

3. அளவு: 1920 x 1080 என்றால் மொத்தம் 20,73,600 புள்ளிகள். 24 அங்குலத் திரையில் ஒரு அங்குல நீளத்துக்குச் சுமார் 92 புள்ளிகள் வரும். 27 அங்குலத்தில் அதே புள்ளிகளை இழுத்து விரித்த மாதிரி, சுமார் 82 தான். ஆகவே 22 அல்லது 24 அங்குலம் போதும்.

4. தேவையில்லாதவை: 144 ஹெர்ட்ஸ், வளைந்த திரை எல்லாம் கேம் விளையாடுகிறவர்களுக்கு. அசையாத போட்டோவுக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீங்க.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் நாலைந்து படங்கள் கொண்டுபோங்க: ஒரு முகம், கறுப்பு முடி, வெள்ளைச் சட்டை, வானம். முடி இழை இழையாகத் தெரிகிறதா, சட்டையின் மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஓரமாக நின்றும் பாருங்கள்.

வாங்கினால் மட்டும் போதாது, வெளிச்சத்தையும் சரியாக வைக்கணும். போன வருஷம் எங்கள் தாத்தா இறந்தபோது, தெளிவாக இருந்த ஒரே படத்தை ஒரு கடையில் கொடுத்துப் பெரிசாகப் போட்டோம். முகம் கறுத்து வந்தது. "இது அவர் மாதிரியே இல்லையே" என்று பாட்டி அழுதுட்டாங்க. கடை மானிட்டரில் வெளிச்சம் முழுசாக வைத்திருந்தது. அதில் போதுமான வெளிச்சமாகத் தெரிந்த முகம், காகிதத்தில் இருட்டாகிவிட்டது. காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே! வெளிச்சத்தைக் குறைத்துவைத்துத் திருத்தி, மறுபடி போட்டதும் தாத்தா தாத்தாவாகவே வந்தார்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மானிட்டர் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். திரையில் தெரியும் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒரே அளவில் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். 'நைட் லைட்' போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். விண்டோஸில் 'கேலிபரேட் டிஸ்ப்ளே கலர்' என்ற வசதி இலவசமாகவே இருக்கிறது. அதையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

புது மானிட்டர் வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். பழைய மானிட்டரிலும் இந்தத் தாள் சோதனையைச் செய்யலாம். முதலில் ஒரே ஒரு சின்ன பிரிண்ட் போட்டுப் பாருங்கள், அப்புறம் பெரிசாகப் போடலாம். செலவும் மிச்சம், படமும் நன்றாக வரும். முயன்று பாருங்கள் நண்பர்களே!

– 11 ஆம் வகுப்பு மாணவி