அச்சும் ஆணியும்: மாட்டுவண்டியின் அடிப்பகுதி

திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்து 475ஆம் குறளில் முறிவது வண்டியின் அச்சு. வினைத்திட்பத்து 667ஆம் குறளில் போற்றப்படுவது தேரின் அச்சாணி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பாடம் சொல்வாரும் உளர். மாட்டுவண்டி அருகிவிட்ட இந்நாளில் இம்மயக்கம் வியப்பன்று. ஆயினும் வண்டியின் அடிப்பகுதியை ஒருமுறை அறிந்தார்க்கு இது தீர்ந்துவிடும்.

அச்சு என்பது வண்டியின் குறுக்கே கிடந்து சுமையைத் தாங்குவது. மாட்டுவண்டியில் அச்சு சுழல்வதில்லை. அதன் இரு முனைகளிலும் கோத்த சக்கரங்களே சுழலும். சக்கரத்தின் நடுவிலுள்ளது குடம். அதிலிருந்து விரிவன ஆரக்கால்கள். அவற்றின் மறுமுனைகளை வளைத்து இணைப்பது வட்டை. வட்டையின்மேல் இரும்புப் பட்டை இறுகியிருக்கும். பட்டையைச் சற்றுச் சிறிதாகச் செய்து, பழுக்கக் காய்ச்சி விரிந்த நிலையில் மாட்டி, நீர் ஊற்றிக் குளிர்விப்பர். அது சுருங்கும்போது மரத்துண்டுகள் அனைத்தும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். அச்சின் கடைசியில், குடத்துக்கு வெளியே, செருகப்படுவதே ஆணி. கடையாணி என்பதும் அதுவே. அது சுமை தாங்குவதில்லை; சக்கரம் கழலாமல் காப்பதே அதன் வேலை.

ஒரு பழைய வண்டி எவ்வகையினது என்பதை அச்சைக் கொண்டே அறியலாம். அச்சு முழுதும் மரமாயின் அது மிகப் பழைய முறை. மரக்கட்டையில் இரும்புத் தண்டு பதிந்து, அதன் முனைகள் மட்டும் உருண்டு வெளியே நீண்டிருந்தால் அது அடுத்த முறை. அத்தண்டை இருசு என்றும், தாங்கும் கட்டையை இருசுக்கட்டை என்றும் வண்டிக்காரர் கூறுவர். விளக்கெண்ணெயும் வைக்கோற்கரியும் குழைத்த வண்டிமையின் கறை குடத்தில் படிந்திருப்பதும் பழமைக்கு அடையாளம். ரப்பர் டயரும் பேரிங்கும் உள்ளது மூன்றாம் வகை.

மரச்சக்கரத்தை எடுத்துவிட்டு டயர் மாட்டினால் வண்டி புதுமையாகிவிடும் என்று எண்ணுதல் கூடாது. டயர்ச் சக்கரம் உயரத்தில் சிறியது. அதனால் வண்டியின் தட்டு தாழும். ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்து உயரத்திலேயே நிற்கும். வண்டி பின்பக்கம் சரிந்து, சுமை அச்சுக்குப் பின்னே மிகும். அப்போது நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். சுமை முன்னே மிகுந்தாலோ நுகம் கழுத்தை அழுத்தும். ஆகவே சக்கரத்தை மாற்றுவோர், தட்டுக்கும் அச்சுக்கும் இடையே கட்டை கொடுத்து உயர்த்தவும், அச்சின் இடத்தைச் சரிபார்க்கவும் வேண்டும். ஏறத்தாழச் சமநிலையில், முன்பக்கம் சிறிதே கனத்து நிற்பதே நல்ல வண்டி. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக விளங்கிய என். எஸ். இராமசாமி, 1970களில் மாட்டுவண்டிச் சீர்திருத்தத்தை வற்புறுத்தியபோது மாட்டின் துன்பத்தைக் குறைப்பதையும் முதன்மையாகக் கொண்டார்.

பழந்தமிழரும் அச்சின் அருமையை அறிந்திருந்தனர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில், உப்பு வணிகராகிய உமணர் வண்டியின் கீழே வேறோர் அச்சைக் கட்டிக்கொண்டு சென்ற செய்தி வருகிறது. அதன் பெயர் சேமவச்சு. எருதுகள் இளையன; பாரம் பெரிது; வழியோ மேடும் பள்ளமும். அச்சு முறிந்தால் நடுவழியில் நிற்க நேரும் என்பதால் இந்த முன்னேற்பாடு. ஔவையார் இதனைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். ஆபத்தில் உதவ ஆயத்தமாய் இருப்பவன் என்பது கருத்து.

இனிக் குறளுக்கு வருவோம். மயிற்பீலி மென்மையானது, எனினும் அளவின்றி ஏற்றினால் சுமை தாங்கும் அச்சே முறியும். எனவே அங்கு அச்சைச் சொன்னதே பொருத்தம். ஆணியோ உருவிற் சிறியது. அஃதின்றேல் பெருந்தேரும் ஓடாது. உருவத்தைக் கண்டு இகழாதே என்னும் அறிவுரைக்கு ஆணியன்றி வேறெது பொருந்தும்? பரிமேலழகரும் தம் உரையில் அச்சு வேறு, ஆணி வேறு எனப் பிரித்துக் காட்டியுள்ளார்.

ஒரு பென்சிலை அச்சாகவும், நடுவில் துளையிட்ட இரு அட்டை வட்டங்களைச் சக்கரங்களாகவும் கொண்டு, முனையில் குண்டூசி செருகி வகுப்பில் காட்டலாம். ஊசியை எடுத்ததும் சக்கரம் கழன்று உருளும். அதைக் கண்ட மாணவர் அச்சாணியின் பொருளை ஒருநாளும் மறவார்.